ஸ்கோர் ஷீட்டில் போட்ட கையெழுத்து

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். வயது 26. செஸ்ஸில் மகளிர் சர்வதேச மாஸ்டர் பட்டம் வாங்கியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு சார்ந்த அலுவலகம் ஒன்றில் வேலை. வருடத்துக்கு நாலைந்து முறை வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய் வருகிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு ஓப்பன் போட்டி. ஒன்பது ரவுண்டு. ஆறு ரவுண்டு முடிந்தபோது மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான தகுதிகளில் ஒன்றான நார்ம் எட்டும் தூரத்தில் இருந்தது. ஏழாம் ரவுண்டு அன்று அவருக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். மூன்று மணி நேரத்தில் நான்கு முறை கழிப்பறைக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் முறை எழுந்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர் நேரே ஆர்பிட்டரிடம், அதாவது போட்டி நடுவரிடம், போய்விட்டார். துணை ஆர்பிட்டர் ஒருவர், ஆண், அரங்கின் வாசலிலேயே நாலு பேர் பார்க்கக் கைப்பையைத் திறக்கச் சொல்லி, உள்ளே கைவிட்டு, நாப்கின் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு ஸ்கேனரை உடம்பருகே மேலும் கீழும் ஓட்டினார். ஒன்றும் இல்லை. ‘ஓகே, ப்ளே’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் போர்டுக்குத் திரும்பி, 34ஆம் மூவில் யானையைச் சும்மா விட்டுத் தோற்றார். மூவ்களையும் முடிவையும் எழுதும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். நார்ம் போயிற்று.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் நம் மாவட்டத்தில் ஒரு சின்ன செஸ் பயிற்சி மையம் நடத்துபவர், கோச்சும் அவரே. அன்று இரவு 11 மணிக்கு ‘ஆறுதல் சொல்ல’ அவர் வந்து இவருடைய அறைக்கதவைத் தட்டியிருக்கிறார். இவர் திறக்கவில்லை. அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் செய்திகள். ஊர் திரும்பிய பின்னும் வந்துகொண்டிருந்தன. கடைசிச் செய்தி ஐந்து வாரத்துக்கு முந்தியது. அவற்றில் இரண்டைக் கடிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். அவை அச்சில் போடக்கூடியவை அல்ல.

அப்பா, ‘நடந்தது நடந்துபோச்சு, வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்’ என்கிறாராம். பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில், ‘கல்யாணத்துக்கு அப்புறம் வெளிநாடெல்லாம் வேண்டாம்’ என்கிறார்களாம். தோழி ஒருத்தி, ‘எல்லாத்தையும் இன்ஸ்டாகிராம்ல போடு’ என்கிறாளாம். இத்தனைக்கும் நடுவில் இவர் என்னிடம் கேட்பது மூன்று கேள்விகள். கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனிப் புகார் செய்ய முடியாதுதானே? வெளிநாட்டில் நடந்ததற்கு நம் சட்டம் செல்லாதுதானே? புகார் கொடுக்க வேண்டிய மூன்று மாதம் தாண்டிவிட்டது, எல்லாம் முடிந்துபோயிற்றுதானே?

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கேள்விக்கும் கடைசியில் ஒரு ‘தானே’ வைத்திருக்கிறீர்கள். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் ஒன்று முழுத் தப்பு, மற்ற இரண்டும் முக்கால் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த செஸ், பள்ளி விடுமுறையில் என் தம்பி சொல்லிக்கொடுத்ததோடு சரி. குதிரை எப்படித் தாவும் என்பதில் இன்றும் ஒரு நொடி யோசிப்பேன். உங்கள் கடிதத்துக்காக, சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஆட்டவிதிகளை இறக்கி இரண்டு தடவை வாசித்தேன். வக்கீலாகச் சொல்கிறேன், நம் நாட்டுச் சட்டங்கள் சிலவற்றைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அரங்கத்தில் நடந்தது

‘என்னைச் சோதித்ததே குற்றம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. சந்தேகம் வந்தால் ஆர்பிட்டர் ஒரு ஆட்டக்காரரின் உடை, பை, உடம்பு எல்லாவற்றையும் சோதிக்கலாம். மறுத்தால் ஆட்டமே போகலாம். கழிப்பறைமேல் அவர்களுக்கு இத்தனை கண் இருப்பதற்கும் காரணம் உண்டு. 2019இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு கிராண்ட்மாஸ்டரே கழிப்பறையில் போனோடு மாட்டினார். அதற்கு முன்னால் 2006இல் எலிஸ்டாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் செய்ய, அவருடைய தனிக் கழிப்பறையைப் பூட்டினார்கள். கிராம்னிக் ஐந்தாம் ஆட்டத்துக்கு உட்காரவே மாட்டேன் என்றார். அந்த ஆட்டத்தை இழந்தார், கடைசியில் சமநிலையை உடைக்கும் டைபிரேக் ஆட்டங்களில் பட்டத்தை வென்றார். கழிப்பறைக் கதவுக்காகச் சண்டை போட்டவர்களில் உலகச் சாம்பியனும் உண்டு. நீங்கள் கூசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

தப்பு எங்கே நடந்தது என்றால், சோதித்த விதத்தில். விதிகளின் 11ஆவது பிரிவில் 11.3.3ஐ எடுத்துப் பாருங்கள். சோதனை தனியிடத்தில் நடக்க வேண்டும், சோதிப்பவர் ஆட்டக்காரரின் பாலினத்தவராகவே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்களைச் சோதித்தவர் ஆண், சோதித்தது வாசலில். இரண்டு நிபந்தனையும் ஒரே நிமிடத்தில் உடைந்திருக்கிறது. அந்தத் துணை ஆர்பிட்டர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே இடமில்லை, விதியை மீறியிருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘ஐந்து முறை போனது என் தப்புதான்’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். எத்தனை முறை போகலாம் என்று ஃபிடே விதிகளில் எண்ணிக்கையே கிடையாது. கழிப்பறையும் போட்டி வளாகத்தின் ஒரு பகுதி என்று விதியே சொல்கிறது. உங்கள் மூவ் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்தால் ஆர்பிட்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது அதுகூட வேண்டாம். நீங்கள் ஐந்து முறையும் அவருடைய மூவில்தான் எழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்ன தப்பு?

சரி, அப்போது என்ன செய்திருக்கலாம்? உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அடுத்த போட்டிக்காகத்தான். கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தலைமை ஆர்பிட்டரைக் கூப்பிடலாம். உதவி கேட்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்த ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. ‘லேடி ஆர்பிட்டர், பிரைவேட் ரூம்’. நாலு வார்த்தை போதும், இலக்கணம் வேண்டாம். சோதனையில் போன நேரத்தைத் திரும்பக் கேட்கலாம். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளவும் கேட்டுப் பார்க்கலாம், கொடுப்பது ஆர்பிட்டர் விருப்பம்.

இப்போது கையெழுத்து விஷயம். ஸ்கோர் ஷீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிவு நிற்கும் என்று 8.7 சொல்கிறது. ஆனால் ஆர்பிட்டரின் தீர்மானத்தை எதிர்த்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் முறையிடலாம் என்று 11.10 சொல்கிறது, அந்தப் போட்டியின் விதி வேறுமாதிரி சொல்லாத வரைக்கும். ஆட்டத்தின் முடிவுக்குத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களை நடத்திய விதத்துக்கு யாரும் உங்களிடம் கையெழுத்து வாங்கவில்லை.

நம்பிக்கையை ஊதிப் பெரிதாக்கவும் எனக்கு மனமில்லை. அப்பீலுக்குப் பெரும்பாலும் ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம்தான் கொடுப்பார்கள், பணமும் கட்டச் சொல்வார்கள். அது போட்டியின் விதிமுறைத் தாளிலேயே இருக்கும். அந்த நேரம் எப்போதோ போயிற்று. அந்தத் தோல்வி மாறாது, நார்மும் திரும்பாது. ஆர்பிட்டரின் நடத்தை பற்றிய புகார் மட்டும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. போட்டி அமைப்பாளருக்கும் தலைமை ஆர்பிட்டருக்கும் ஒரு பக்கக் கடிதம். ரவுண்டு, போர்டு எண், நேரம், யார், எங்கே, எந்த விதி. அதன் நகல் நம் தேசியக் கூட்டமைப்புக்கு. பதில் வராவிட்டால் ஃபிடேயின் நெறி மற்றும் ஒழுங்கு ஆணையத்துக்கு. என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஒரு வருத்தக் கடிதம் கிடைக்கலாம், அந்த ஆர்பிட்டருக்கு ஒரு எச்சரிக்கை போகலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எழுதுவேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து யானை முடிவாட்டத்தை அலசுகிற ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவது பெரிய வேலையா?

அந்த ஒரு பக்கத்தில் ‘மாதவிடாய்’ என்ற வார்த்தையை எப்படிப் போடுவது என்று கூச்சப்படுகிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நீங்கள் பெரியவளானபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ரேடியோ செட் கட்டி, தாய்மாமன் சீர் தட்டோடு தெருவை அடைத்து வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி இன்றைக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் களி கிண்ட உளுந்த மாவும் கருப்பட்டியும் டப்பாவில் கட்டிக்கொடுத்து, ‘இடுப்புக்குப் பலம்’ என்று பெட்டிக்குள் திணிக்கிறார். ஊருக்கே மைக் போட்டுச் சொன்ன ஒரு விஷயத்தை, முன்பின் தெரியாத ஒரு ஐரோப்பிய ஆர்பிட்டருக்கு எழுதக் கூச்சமா? மருத்துவ அறிக்கை போல எழுதுங்கள். ‘அன்று எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள், ஆகவே அடிக்கடி கழிப்பறை செல்ல வேண்டியிருந்தது.’ முடிந்தது.

கோச்சின் செய்திகள்

இதற்குக் கடிதத்தின் கடைசி ஒன்றரைப் பக்கத்தைத்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். தோற்ற ஆட்டம் அன்றோடு முடிந்தது, இந்த ஆள் ஐந்து வாரத்துக்கு முன்னால் வரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் என்றால் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டத்தில் ‘பணியிடம்’ என்ற சொல்லுக்குள் விளையாட்டுப் பயிற்சி நிறுவனமும் போட்டி நடக்கும் இடமும் வருகின்றன. பாதிக்கப்பட்ட பெண் அங்கே சம்பளம் வாங்குகிறவளாக இருக்க வேண்டியதும் இல்லை. ஃபீஸ் கட்டிப் படிக்கிறவளும் வருவாள்.

மூன்று மாதக் கணக்கைத் தவறான இடத்திலிருந்து எண்ணியிருக்கிறீர்கள். தொடர்ந்து நடந்தவை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் மூன்று மாதம் என்று அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. கதவு தட்டியது ஐந்து மாதம் முன்னால், கடைசிச் செய்தி ஐந்து வாரம் முன்னால். இன்னும் ஏழு வாரத்துக்குக் குறையாமல் இருக்கிறது. அதுவும் தாண்டினால், தக்க காரணத்தை எழுதிப் பதிவு செய்துவிட்டு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கப் புகாரை விசாரிக்கும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த நீட்டிப்பை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நேரச் சிக்கலில் 40ஆவது மூவ் வரை இழுக்கிற பழக்கம் உங்களுக்கு இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கே கொடுப்பது? பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டும் பொருந்துகிறது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் குழு விவரம் சொல்வார்கள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கொஞ்சம் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘பெயர் வெளியே வருமா?’ புகாரில் இருப்பது, உங்கள் பெயர், சாட்சிகள் பெயர் எதையும் பத்திரிகைக்கோ வெளியாருக்கோ சொல்லக்கூடாது என்று 16ஆம் பிரிவு தடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்காது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரும் பேசமாட்டார்கள் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. பேப்பரில் வராது என்று கொடுக்க முடியும்.

வெளிநாட்டில் நடந்தது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எடுப்பார். கதவு தட்டியதற்கு அந்த வாதம் ஓரளவு எடுபடலாம். நீங்கள் உங்கள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து வாசித்த செய்திகளுக்கு அது எப்படி எடுபடும்? அவை இங்கே வந்தவை, அனுப்பியவரும் இங்கே இருந்தவர்தான். ஆகவே புகாரின் நடு எலும்பு அந்தச் செய்திகள்தான். கதவு தட்டியது முன்கதை.

போலீஸ் வழியும் இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தல், 78 பின்தொடர்தல். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் இங்கே வழக்குப் பதியலாம். விசாரணை நீதிமன்றத்துக்குப் போகும்போது மட்டும் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். கால வரம்பும் தாராளம்: உடல் தொடுகை, பாலியல் கோரிக்கை போன்றவற்றுக்கு மூன்று வருடம், ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் ஒரு வருடம். முதலில் குழு, தேவைப்பட்டால் போலீஸ் என்பதுதான் என் யோசனை. ஒன்றைச் செய்ததால் மற்றது அடைபடாது.

முதல் இரண்டு செய்திக்கும் ‘ஓகே சார்’ என்று சிரிக்கும் பொம்மை போட்டுப் பதில் அனுப்பியதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறேன். அந்தச் சிரிக்கும் பொம்மை இல்லாத போன் அபூர்வம். உங்கள் போட்டி நுழைவுப் பதிவு கோச் கையில், அறைச் சாவி அவர் வாங்கிக்கொடுத்தது, தெரியாத ஊர். வேறு என்ன அனுப்பியிருப்பீர்கள்? மூன்றாவது செய்திக்கு நீங்கள் ‘இப்படியெல்லாம் அனுப்பாதீங்க சார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி தங்கம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்பு கொள்ள முயல்வதைத்தான் 78ஆம் பிரிவு குற்றம் என்கிறது.

அந்த இரவு மதினிக்கு போன் செய்து அழுததாகக் கடிதத்தில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. அங்கே 11 மணி என்றால் நம்மூரில் அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில் போன அழைப்பின் பதிவு, மதினியின் வாய்மொழி இரண்டும் உங்கள் பக்கம் வலுவான காய்கள். மதினியிடம் இன்றே சொல்லிவையுங்கள், போனை மாற்றிவிடப் போகிறார்.

முதல் மூவ் பாஸ்போர்ட்

விசா வேலைக்கென்று கோச் வாங்கிய பாஸ்போர்ட் இன்னும் அவரிடமே இருக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். புகார் கொடுக்கும் முன்னால் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். ‘ஆபீசில் கேட்கிறார்கள்’ என்று சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புங்கள், தம்பியை அனுப்பி வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே ஒரு சாட்சியம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத்தான் உண்டு, போலீசுக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. ஒரு கோச்சுக்கு எங்கிருந்து வரும்?

அவரைப் பகைத்தால் செஸ் வாழ்க்கையே போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஃபிடே எண், ரேட்டிங், பட்டம் எல்லாம் உங்கள் பெயரில் இருப்பவை. எந்தக் கோச்சும் அதில் ஒரு புள்ளியைக்கூடக் குறைக்க முடியாது. போட்டி அமைப்பாளருக்கு நீங்களே மெயில் அனுப்பி இடம் கேட்கலாம். அறை வாடகையைப் பங்கு போட ஆள் கிடைக்காது, செலவு கூடும், அது உண்மைதான்.

அப்பாவின் நண்பர் ஒருவர் சமாதானம் பேச வந்ததாகவும், கோச் ஃபீஸ் பணத்தைத் திருப்பித் தரத் தயார் என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சமரசம் நீங்கள் கேட்டால்தான் பேச வேண்டும், அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்பது சட்டம். நண்பருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நிரூபிக்க முடியாவிட்டால் உங்கள்மேல் வழக்கு வரும் என்று அவர் சொன்னாராம், அதையும் நம்ப வேண்டாம். போதுமான ஆதாரம் இல்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

இன்ஸ்டாகிராம் இப்போது வேண்டாம். அவதூறு என்று கோச் நோட்டீஸ் அனுப்பினால் நீங்கள் வாதியிலிருந்து பிரதிவாதி ஆகிவிடுவீர்கள், ரகசியம் காக்கும் பாதுகாப்பும் அடிபடும். தனியாகப் பேசுவதற்கும் சேர்ந்து பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2023இல் பிரான்சில் 14 பெண் ஆட்டக்காரர்கள் செஸ் உலகின் பாலியல் சீண்டல்கள் பற்றித் திறந்த கடிதம் எழுதினார்கள், பிறகு நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். உங்களோடு போன குழுவில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்களே, அவர்களுக்கும் செய்திகள் வந்தனவா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வற்புறுத்த வேண்டாம்.

வீட்டில்

இதில் சட்டம் பேச அதிகம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்கோ பயணத்துக்கோ கணவர் அனுமதி தேவையில்லை, பெயரை மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘வெளிநாடு போகக்கூடாது’ என்று மாப்பிள்ளை வீட்டார் போடும் நிபந்தனைக்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்குள் அதன் மதிப்பு என்ன என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அந்தப் பையனிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், அவருடைய அம்மாவிடம் அல்ல. குழந்தை பெற்றால் ஆட்டம் போய்விடும் என்று அவர்கள் சொன்னால், நம் கிராண்ட்மாஸ்டர் ஹம்பி குழந்தை பெற்ற பிறகுதான் 2019இலும் 2024இலும் உலக ரேபிட் பட்டங்களை வென்றார் என்று சொல்லுங்கள். ஹரிகா 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் ஒன்பது மாத வயிற்றோடு ஆடி வெண்கலம் வாங்கினார். சென்னைப் பெண் விஜயலட்சுமி 2001இலேயே இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். இந்த ஆட்டம் நம் பெண்களுக்குப் புதிதில்லை.

‘அங்கே என் ஆட்டத்தைவிட என் பின்னலையும் சுடிதாரையும்தான் பார்த்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். 2024இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் ஆடிவிட்டு வந்த திவ்யா தேஷ்முக்கும் பார்வையாளர்கள் தன் உடை, தலைமுடி, உச்சரிப்பைத்தான் கவனித்தார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அடுத்த வருடம் பட்டுமியில் மகளிர் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டரும் ஆனார்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில், யாருக்கு யார் எதிராளி என்ற பேரிங் ஒட்டும்போது பட்டியலில் உங்கள் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் குடும்பப் பெயராக வந்துவிடுகிறது, ஆர்பிட்டர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள், முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டு முறை வாசித்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் உங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய், இட்லிப் பொட்டலத்தோடு அரங்கத்துக்கு வெளியே வெயிலில் நின்றவர் அவர். இத்தனை நாட்டில் தன் பெயர் ஒட்டப்பட்டிருப்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார். அவரை எதிர்த்தரப்பில் உட்கார வைக்காதீர்கள். என்னைப் பார்க்க வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 16ஆம் பிரிவை நானே அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அடுத்த மாதம் ஒரு போட்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது, போகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். தனி அறை எடுங்கள். முதல் நாள் தொழில்நுட்பக் கூட்டத்திலேயே பெண் ஆர்பிட்டர் யார் என்று கேட்டு முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பாஸ்போர்ட்.

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். என்னிடமே வருவதென்றால் சனிக்கிழமை காலை வசதி. தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வாருங்கள், விமான டிக்கெட், ஹோட்டல் ரசீது எல்லாம் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனே வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை வாட்ஸ்அப்பை அழித்து ஏற்ற வேண்டாம், போனை மாற்ற வேண்டாம், கோச்சை பிளாக் செய்வதற்கு முன்னால் அந்த உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து மதினிக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள், எங்கள் ஆபீசில் இருப்பது பழைய பின்.